வாசகர் கேள்வி – பதில்: நயா பைசா வந்தப்போ ஆயாவுக்கு என்ன வயசு?

கேள்வி: எங்கள் ஆயா போன மாதம் காலமானார். வருஷத் திதிக்குள் ஒரு சின்ன நினைவு மலர் போட நினைக்கிறோம். ஆதாரில் பிறந்த வருஷம் 1943. ரேஷன் கார்டு கணக்குப்படி 1937. ஊரார் "நூறை நெருங்கிட்டாங்க" என்கிறார்கள். எதைப் போடுவது?
– வாசகி, பென்னாகரம்

பதில்: அந்தத் தலைமுறைக்கு இரண்டு அட்டையிலும் பெரும்பாலும் குத்துமதிப்பு வயதுதான். ஆயாவோடு பழகிய பெரியவர்களைக் கேளுங்கள். "எந்த வருஷம்?" என்றால் பதில் வராது. "அப்போ ஆயாவுக்குக் கையில குழந்தை இருந்துச்சா?" என்று கேட்டால் வரும். காந்தியைச் சுட்டது 1948 ஜனவரி. நயா பைசா (ரூபாய்க்கு நூறு பைசா என்ற புதுக் காசு) வந்தது 1957 ஏப்ரல். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபர். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி. நயா பைசா வந்தபோது தலைச்சன் பிள்ளை மடியில், கல்யாணம் 17 வயதில், இரண்டு வருஷத்தில் பிள்ளை என்றால் பிறப்பு 1937–38 பக்கம் வரும். ஒரு நிகழ்ச்சியோடு நிறுத்தாதீர்கள், மூன்று நிகழ்ச்சிகளாவது ஒத்துப்போக வேண்டும்.

யாராவது தமிழ் வருஷம் சொன்னால் அது பொக்கிஷம். ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் தவறுவார்கள். ஈசுவர வருஷம் 1937 சித்திரையில் தொடங்கியது, அதன் தை மாதம் 1938இல் வரும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை முழுசாக நம்ப வேண்டாம். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது.

மலரில் கணக்கில் வந்த வயதைச் "சுமார்" என்று சேர்த்துப் போட்டு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: "கடும் உழைப்பாளி, பக்தி மிக்கவர்" என்பதற்கு மேல் எங்களுக்கு எழுத வரவில்லையே?
– அதே வாசகி

பதில்: அந்த இரண்டு வார்த்தையையும் எடுத்துவிடுங்கள், எழுத வரும். எந்தக் கிணற்றிலிருந்து நாளைக்கு எத்தனை குடம்? எத்தனை மாடு, பால் யாருக்கு ஊற்றினார்? மாசி, பங்குனியில் புளி தட்டப் போனாரா, கூலி எடைக்கா நாளுக்கா? மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற எத்தனை படி ராகி போட்டார்? ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனது நடந்தா, வண்டியிலா, கட்டுச்சோற்றில் என்ன? புரட்டாசிச் சனிக்கிழமையில் எதைச் சாப்பிடாமல் இருந்தார்? இதற்கெல்லாம் விடை கிடைத்தால், உழைப்பு, பக்தி என்று தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பாட்டிக்கு 86 வயது. இன்னும் அவர்தான் களி கிண்டுகிறார். அளவு கேட்டால் "கண்ணளவுதான் சாமி" என்கிறார். எப்படி எழுதி வைப்பது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அவரிடம் அளவு கேட்காதீர்கள், பொருளை எடை போடுங்கள். மாவுப் பாத்திரத்தைக் கிண்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால் எடுத்த மாவு தெரிந்துவிடும். தண்ணீரை லிட்டர் பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து சராசரி எடுங்கள்.

ஒப்பிட ஓர் அளவு: ராகி மாவு அரைக் கிலோ, நொய் 100 கிராம், தண்ணீர் 2 லிட்டர், தனியே ஒரு டம்ளர் வெந்நீர். உப்புப் போட்டு நொய் குழைய வெந்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்ட வேண்டும், கிளறக் கூடாது. கோலால் நடுவே ஒரு குழி போட்டு, மூடி, சின்னத் தீயில் 8–10 நிமிஷம். குழி வழியே கஞ்சி கொப்பளித்து மேலே வரும், மாவு வேகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு கொஞ்சம் கஞ்சியை வடித்து வைத்துக்கொண்டு, சட்டி நகராமல் பிடித்து, துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும். இறுகினால் வடித்த கஞ்சி, அதுவும் போதாவிட்டால் வெந்நீர். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வேகுவது நின்றுபோய் மாவு வாசம் தங்கிவிடும். மறுபடி மூடி மூன்று நிமிஷம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது.

அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி விழும், உடைத்தால் உள்ளே உலர்ந்த மாவு வெள்ளையாகத் தெரியும். பெருந்தீயில் வைத்தால் அடி பிடிக்கும்.

வீடியோவில் முகத்தைவிடக் கை முக்கியம். துடுப்பை எந்தக் கோணத்தில் பிடிக்கிறார், எப்போது நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது. பேச்சைத் தனியாகப் பதியுங்கள்: டிவி, ஃபேன் நிறுத்தி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ஒரு முழத்துக்குள் வைத்து, காலைச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் அவருக்கு அலுத்துவிடும்.

கேள்வி: எங்கள் அவ்வாவின் (பாட்டியின்) ஒரே போட்டோ ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்து ஸ்கேன் செய்யலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பிரிக்கவே கூடாது. ஈரத்தில் ஒட்டிய படத்தை இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் நேரே படாத திண்ணை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுங்கள். உங்கள் நிழலும் வானமும் கண்ணாடியில் தெரிந்தால், கறுப்புத் துணியில் கேமரா அளவுக்கு ஓட்டை போட்டுப் போனுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். பத்துப் படமாவது எடுத்து, அதில் கண் தெளிவாக விழுந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.