கற்பனை உலக வரைபடத்தில் மலைத்தொடரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமா?

வைக்கலாம், உலகம் உங்களுடையது. ஆனால் மலையை வரைவதற்கு முன் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, பாலைவனத்தைக் கிடைத்த இடத்தில் போட்டுவிடுகிறார்கள்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். மறுபக்கம் இறங்குவது வறண்ட காற்றுதான். அதுதான் மழைமறைவுப் பகுதி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைப் பாருங்கள்: வெப்பமண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து வருவதால் அமேசான் பக்கம் காடு, மேற்கே அட்டகாமா பாலைவனம். அதே தொடரின் தென்கோடியில் மேற்குக் காற்று. அங்கே சிலி நனைகிறது, அர்ஜென்டினாவின் படகோனியா காய்கிறது. ஒரே மலை, இரண்டு விதமான நாடுகள்! கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

உயரமும் முக்கியம். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். எந்த உயரத்துக்கு மேல் பனி படிந்திருக்கும் என்பதை அதை வைத்து வரையலாம்.

அப்புறம், ஆறுகள். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வழியில் ஒன்றோடொன்று சேரும். பிரிவது பெரும்பாலும் கழிமுகத்தில்தான். மந்திரத்தால் எழுந்த மலை என்றால் அது எப்படி உருவானது என்று விளக்க வேண்டியதில்லை. மழைக் கணக்கு மட்டும் அதற்கும் பொருந்தும்.