ஒரே கடல், வேறு வேறு தண்ணீர்

கேள்வி: பிளாங்க்டன் எனப்படும் மிதவை உயிரிகளால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாதாம். அப்படியென்றால் எல்லா இனங்களும் கடல் முழுக்கக் கலந்துதானே கிடக்க வேண்டும்? இடத்துக்கு ஓர் இனமாக இருக்கிறதே, எப்படி?

பதில்: கடல் முழுக்க ஒரே தண்ணீராக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. உப்பிலும் வெப்பத்திலும் வேறுபட்ட நீர்த்திரள்கள் அக்கம்பக்கமாகக் கிடந்தாலும் அவ்வளவு சீக்கிரம் கலப்பதில்லை. அடர்த்தி வேறுபாடு விடாது. ஓர் இனம் வேற்றுத் தண்ணீருக்குள் அடித்துச் செல்லப்பட்டால் கொஞ்ச காலம் பிழைத்துக் கிடக்கும். பெருகாது.

எனக்குப் பிடித்த சாட்சி அம்புப்புழு என்ற மிதவை உயிரி. ஆங்கிலக் கால்வாயில் இதில் இரண்டு இனங்கள் உண்டு. கெடாமலிருக்க ஃபார்மலினில் இட்ட மாதிரியைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள்: சஜிட்டா எலிகன்ஸ் வெளுத்து விறைத்திருக்கும், சஜிட்டா செட்டோசா தொளதொளவென்று ஊடே பார்க்கும்படி இருக்கும். எலிகன்ஸ் இருந்தால் மேற்கிலிருந்து வந்த சத்துள்ள தண்ணீர், செட்டோசா இருந்தால் கால்வாய்த் தண்ணீர் என்று இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தின் பிரெடரிக் ரசல் 1930களில் எழுதினார். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில்தான் பிளிமத் பக்கம் எலிகன்ஸ் போய் செட்டோசா வந்தது. தண்ணீரில் பாஸ்பேட் என்ற சத்து குறைந்தது, ஹெர்ரிங் மீன்பிடியும் நொடித்தது. தெர்மாமீட்டர் சொல்வது அந்த நேரத்து நிலவரத்தை மட்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் புழுவைத்தான் நம்புவேன்.

இன்னொன்று. எதிர்த்து நீந்த முடியாதே தவிர, மேலும் கீழும் போக இவற்றில் பலவற்றால் முடியும். ஆழத்துக்கு ஆழம் ஓட்டத்தின் திசையும் வேகமும் மாறும். எந்த அடுக்கில் எப்போது இருப்பது என்பதே இவற்றுக்குச் சுக்கான். கலானஸ் ஃபின்மார்கிகஸ் என்ற துடுப்புக்காலி, இறால் வகையறாவைச் சேர்ந்த சிற்றுயிர், சில மில்லிமீட்டர்தான் இருக்கும். நார்வேஜியன் கடலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் மேலேறி, அங்குள்ள ஓட்டத்தில் வட கடல்வரை போய்ச் சேர்கிறது. அங்கே காட் மீன் குஞ்சுகளுக்கு முக்கியமான இரை இது.

எல்லைகள் மாறுவதும் உண்டு. நியோடென்டிகுலா செமினே என்ற பசிபிக் டயட்டம் (ஒற்றைச் செல் பாசி) வட அட்லாண்டிக்கில் அற்றுப்போய்ச் சுமார் 8 லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. 1999-இல் அது கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவிலுள்ள லாப்ரடார் கடலில், வணிகக் கப்பல் பின்னால் இழுத்துச் சென்ற, மிதவை உயிரிகளை வடித்தெடுக்கும் கருவியின் பட்டுத்துணியில் சிக்கியது. கனடாவின் வடக்கே பனி விலகியபோது பசிபிக் தண்ணீரோடு ஆர்க்டிக் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.