போகலாம் வரலாம்: கெராச்சுட் கடற்கரைக்குப் படகா, நடையா?

போன இதழில் பினாங்கு தேசியப் பூங்காவின் கடற்கரைகளைப் பற்றி நான்கே வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாம் கெராச்சுட், மங்கி பீச் என்று அங்கேயே நிற்பதால், இந்த மாதம் பகுதி முழுவதும் அதற்கே. ரயில் பயணம் பற்றி மூவாரிலிருந்து கேட்டவர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா, என் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி வேறு. கெராச்சுட்டில் ஆமை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. காட்டு வழியே நடக்க அவரால் முடியாது. படகில் கூட்டிப் போகலாமா?
*கிள்ளான் வாசகி*

தாராளமாகப் போகலாம். ஆனால் போக, வர இரண்டுக்கும் படகுதான். தெலுக் பஹாங்கில் இருக்கும் பூங்கா வாசலிலிருந்து கெராச்சுட் நடைபாதை சுமார் மூன்றரைக் கிலோமீட்டர்தான், ஆனால் சமதரை இல்லை. ஏற்றம், இறக்கம், வேர், படி. நல்ல காலுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பி நடக்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும்.

படகில் இருபது நிமிடம் போல ஆகும். இதில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த வழியில் கடல் இரண்டு விதம். ஜெட்டியிலிருந்து முக்கா ஹெட் முனை வரை மலை மறைத்துக்கொண்டிருக்கும். 1883இல் கட்டிய வெளிச்ச வீடு அந்த மலை மேல்தான் இருக்கிறது. முனையைத் திரும்பியதும் மறைப்பு போய்விடும், மலாக்கா நீரிணை திறந்துகிடக்கும். மேற்கிலிருந்து அலை வருகிற நாளில், ஜெட்டியில் குளம் மாதிரி இருக்கும் தண்ணீர் முனைக்கு அப்பால் படகைத் தூக்கித் தூக்கிப் போடும். ஜெட்டியில் நின்று பார்த்து "இன்னைக்குக் கடல் அமைதி" என்று முடிவு கட்டாதீர்கள். படகுக்காரரிடம் முனைக்கு அந்தப் பக்கம் "ஓம்பாக் பெசார் கா?" (அலை பெரிதா?) என்று கேளுங்கள். காலையில் ஒருமுறை போய் வந்தவர் என்றால் சரியாகச் சொல்லிவிடுவார். அவர் கொஞ்சம் இழுத்தால் அம்மாவோடு அன்றைக்குப் போக வேண்டாம்.

அம்மாவை முன்னால் உட்கார வைக்காதீர்கள். காற்று வாங்கலாம், படம் எடுக்கலாம் என்று எல்லோரும் முன்பக்கம்தான் ஓடுவார்கள். அலையில் ஏறி இறங்கும்போது படகின் மூக்குதான் படார் என்று விழும், இடுப்பு கழன்றுவிடும். இன்ஜினுக்கு அருகே பின்பக்கம் ஆட்டம் குறைவு. எங்கள் அப்பா தெலுக் பஹாங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்த்தவர். வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியையும் அவர் முன்பக்கம் உட்கார விட்டதில்லை.

லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. மாட்டி, எல்லா வாரையும் இறுக்கிவிட்டு, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது, வேறு கேளுங்கள்.

இறங்கும்போதுதான் உண்மையான சிரமம். படகு ஆடும், படி ஆடாது. படகு மேலே எழும்பி நிற்கும் நொடியில் காலை வைக்கச் சொல்லுங்கள், படகுக்காரரின் விரலைப் பிடிக்காமல் முன்கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீர்மட்டத்தைப் பொறுத்து மணலிலேயே இறங்க நேர்ந்தால் முழங்கால் வரை நனையும், சேலை சரிப்படாது.

அப்புறம் ஆமை. பெரிய ஆமை பகலில் கரையில் உட்கார்ந்து நமக்குக் காட்சி தராது. அது இரவில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பச்சை ஆமைக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, ஆலிவ் ரிட்லி என்கிற சின்ன வகைக்கு செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பருவம். மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் கரையிலேயே இருக்கிறது. முட்டைகளை எடுத்து வேலி போட்ட மணலில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். குஞ்சு பொரிந்திருந்தால் தொட்டியில் பார்க்கலாம், பொரிக்காவிட்டால் வெறும் மணல்தான். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள், ரசிப்பார்: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண்ணாகப் பிறக்கும், குறையக் குறைய ஆண்.

டிசம்பரில் பெர்ஹெந்தியான் போக முடியாது என்கிறார்கள். பினாங்கும் அப்படித்தானா?
*செந்தூல் வாசகர்*

இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று பெர்ஹெந்தியான் தீவு இருக்கும் கிழக்குக் கரையைத்தான் அடித்து நொறுக்கும். நமக்கும் அதற்கும் நடுவே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. டிசம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரி வரை பினாங்கில் மழை குறைந்த காலம், படகுக்கும் நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை கொட்டும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையிலோ காலையிலோ ஒரு காற்று வரும். கடல் ஆட்கள் அதையே "சுமத்ரா" என்பார்கள். மேற்கே கறுப்பாக ஒரு கோடு தெரியும், கொஞ்ச நேரத்தில் காற்றும் மழையும் ஒன்றாக இறங்கும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடும். ஓயும் வரை ஜெட்டியில் உட்கார்ந்து தே தாரிக் குடியுங்கள், படகுக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். வானிலைத் துறையான மெட்மலேசியா பலத்த காற்று, கொந்தளிப்பு என்று எச்சரிக்கை விட்டிருந்தால், அது முதல் நிலைதான் என்று அலட்சியப்படுத்த வேண்டாம். மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று என்று பொருள், சின்னப் படகுக்கு அதுவே அதிகம்.

நாங்கள் ஐந்து பேர் கெராச்சுட் போனோம். போக வர இரண்டுக்கும் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்ட படகுக்காரர், நான்கு மணிக்கு வருகிறேன் என்றவர், ஐந்தரை வரை ஆளையே காணோம். போனும் சரியாகக் கிடைக்கவில்லை. இன்னொரு குழுவின் படகில் கெஞ்சி ஏறி வந்தோம். யாரிடம் புகார் செய்வது?
*செபராங் ஜெயா வாசகர்*

பூங்கா வாசல் அலுவலகத்தில் சொல்லுங்கள், ஜெட்டியிலும் சொல்லுங்கள். படகு எண் இருந்தால்தான் பேச்சு எடுபடும். இருக்கிறதா? ஏறும்போதே படகையும் அதன் எண்ணையும் ஒரு படம் எடுத்துவைப்பது யாருக்கும் கோபம் வரவழைக்காது. சுற்றுலாக்காரர்கள்தான் எதையும் படம் எடுப்பார்களே.

பணத்தில் பாதியைத்தான் முன்னால் தர வேண்டும். மீதி, திரும்பி வந்து தெலுக் பஹாங் ஜெட்டியில் கால் வைத்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரின் படகில் ஏறாதீர்கள், அங்கே வேறு படகுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் முனைக்கு அப்பால் அலை எழும்பிவிட்டால் நல்ல படகுக்காரரும் வர மாட்டார், வரவும் கூடாது. காசு வாங்கிக்கொண்டு மறந்தவர் வேறு, கடல் விடாததால் நின்றவர் வேறு. உங்கள் விஷயத்தில் இன்னொரு படகு வந்து போயிருக்கிறது, ஆக உங்கள் ஆள் மறந்தவர்தான்.

இதனால்தான் காலில் பலம் இருக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது: போகும்போது நடந்து போங்கள், வரும்போது படகில் வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் ஜோராகப் படகில் போய் இறங்கிவிட்டு, வெயிலில் களைத்த பிறகு முன்பின் தெரியாத காட்டுக்குள் நுழைகிறார்கள். காலையில் நடந்து போனால் வெயில் இல்லை, உடம்பில் தெம்பு இருக்கிறது. அதைவிட முக்கியம், படகு வராவிட்டால் வெளியே வரும் வழி உங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் இறக்கம் வழுக்கும், எங்கே பாதை மங்கி மெங்குவாங் என்கிற தாழை மரம் மறைக்கும் என்று கால் ஏற்கெனவே பார்த்துவிட்டது. படகில் வந்து இறங்கியவருக்குக் கடல் ஒன்றுதான் வாசல்.

அந்த வாசல் மூடினால் எப்போது கிளம்புவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பினாங்கில் சூரியன் மறைய ஏழு மணிக்கு மேல் ஆகும் என்று கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் தோன்றும். மரத்தடியில் ஆறரைக்கே வேர் தெரியாது. நான்கரைக்குப் படகு வரவில்லையா, பையைத் தூக்குங்கள். நாலேமுக்காலுக்கு வந்துவிடுவார் என்று ஒருவர் சொல்வார். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு.

கெராச்சுட்டில் குளிக்கலாமா?
*மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள்*

கூடாது. அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். நீரோட்டம் பலம், ஜெல்லிமீன் வேறு. பினாங்கின் வடமேற்குக் கடலில் பெட்டி வடிவ ஜெல்லிமீனும் இருக்கிறது, அதன் கொட்டு விளையாட்டில்லை. கால் நனைக்கிறேன் என்கிறவர்களும் பையில் ஒரு புட்டி சாதாரண வெள்ளை வினிகர் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டினால் தேய்க்கக் கூடாது, மணல் போட்டு உரசக் கூடாது, குடிதண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகரைத் தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியால் எடுத்துவிட்டு, நேரே மருத்துவமனை. மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் ஹோட்டல் நீச்சல் குளம்தான் என் பதில். மங்கி பீச் முனைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அலை குறைவு, ஆனால் ஜெல்லிமீனுக்கு அந்த எல்லை தெரியாது. சனி, ஞாயிறில் அங்கே கூட்டமும் இரைச்சலும் வேறு. தனிமை தேடிப் போகிறவர்கள் செவ்வாய், புதன் பாருங்கள்.

கெராச்சுட்டில் ஏரி இருக்கிறது என்று போனேன். சேறுதான் இருந்தது. ஏமாற்றுகிறார்களா?
*ஈப்போ வாசகர்*

யாரும் ஏமாற்றவில்லை, நீங்கள் வறண்ட மாதத்தில் போயிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் மேலேயும், கடல் தண்ணீர் கனமாக இருப்பதால் கீழேயும் கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கும். அதுதான் அந்த ஏரியின் விசேஷம். மழை இல்லாவிட்டால் ஏரியும் இல்லை. அடுத்த முறை அக்டோபர் கடைசியில் முயன்று பாருங்கள், குடையோடு.

அமாவாசையில் கடலுக்குப் போகக் கூடாது என்று பாட்டி படகு புக்கிங்கையே ரத்து செய்ய வைத்துவிட்டார். இது மூடநம்பிக்கை இல்லையா அக்கா?
*பிரிக்பீல்ட்ஸ் வாசகி*

பாட்டியிடம் சண்டை போடாதீர்கள், பாதிக்கு மேல் அவர் பக்கம்தான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் பசாங் என்கிற நீர் ஏற்றம் மிக உயரும், சுருட் என்கிற நீர் வற்றம் மிகத் தாழும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே தண்ணீர் வேகமாக ஓடும். மிகவும் வற்றிய நேரத்தில் படகு கரையை ஒட்ட முடியாமல் தள்ளி நிற்கும், நீங்கள் தண்ணீரில் நடக்க வேண்டிவரும். ஆபத்து என்று சொல்ல மாட்டேன், நேரம் பார்த்துப் போக வேண்டிய நாள். நீர்மட்ட அட்டவணை கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கிவைக்கிற அஷ்டமி, நவமியை ஒட்டித்தான் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும். பாட்டியிடம் அந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் வேண்டாம் என்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கார் இல்லை. கேஎல்-லிலிருந்து எப்படி வருவது?
*ராவாங் வாசகர்*

இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, தீவில் இறங்கியதும் வெல்ட் கீயில் 101ஆம் எண் பஸ். கொம்தார், பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாசி மகத்தன்று வந்தால் கூட்டத்தை எதிர்பார்த்து வாருங்கள். சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பத் திருவிழா அன்றைக்கு, அந்தக் குறுகிய கடலோரச் சாலை தாங்காது. திருவிழாவுக்கென்றே வருவதானால் அது வேறு பயணம்.

வாசலில் பெயர் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குவதானால் அங்கேயே அனுமதி கேளுங்கள்.

சாப்பாடு கட்டிப் போகலாமா, அங்கே கடை இருக்கிறதா?
*சுங்கை பட்டாணி வாசகி*

கெராச்சுட்டில் கடையை நம்பாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது. சாப்பாடு கட்டிப் போங்கள், ஆனால் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வேண்டாம். அங்கே திரியும் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் சத்தம் கேட்டாலே சாப்பாட்டு மணி அடித்த மாதிரி. ஜிப் போட்ட பையில், அடியில் வையுங்கள். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திருப்பி இழுத்தால் கடிக்கும். நெத்திலிச் சம்பல் வாசனைக்கு அவை பக்கத்தில் வந்து உட்காரும். தயிர் சாதத்துக்கும் வரும்.