இடது நுரையீரலுக்கு 28 சதவீதம்தானா?

வணக்கம் சகோதரி. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் முடிந்த உங்கள் மகனின் இதய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘வலது 72%, இடது 28%’ என்று பார்த்துவிட்டு, இடது நுரையீரல் கெட்டுப்போச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள். ரத்தம் எப்படிப் பிரிந்து போகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, நுரையீரலின் நலத்தை அல்ல.

நல்ல உடம்பிலும் பங்கு சரிபாதி கிடையாது. இடப்பக்கம் இதயத்துக்கும் இடம் விடவேண்டியிருப்பதால் வலதுக்குச் சுமார் 55, இடதுக்கு 45. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தாய்க்குழாய், வலது, இடது என்று இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. உங்கள் பையனுக்கு இடது கிளைக்குழாய் குறுகியிருக்கலாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அது அடிக்கடி காண்பதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓடும் ரத்தத்தின் வேகத்தை ஸ்கேன் நேரடியாக அளக்கும். குழாயின் குறுக்குப் பரப்போடு பெருக்கினால் ஒரு துடிப்புக்கு எத்தனை மில்லி என்று வரும். ஸ்கேன் எடுக்கும்போது முன்கூட்டியே வைக்கும் வேக வரம்பைக் குறைத்து வைத்துவிட்டால், அதைத் தாண்டும் ரத்தம் பின்னோக்கி ஓடுவதுபோல் பதிவாகும். அதனால் வலது, இடது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். தாய்க்குழாயின் அளவுக்கு நெருங்கி வரவேண்டும். தாய்க்குழாயின் வாசலில் இருக்கும் வால்வு கசிந்தால், திரும்பி வரும் ரத்தத்தைக் கழித்த நிகர அளவா என்றும் கேளுங்கள். கசிவு பெரும்பாலும் இடது கிளையில்தான் அதிகம்; கழிக்கும்போது அதன் பங்கு இன்னும் சிறுத்துத் தெரியும்.

டாக்டரிடம் முக்கியமாகக் கேட்கவேண்டியது: குறுகல் எந்த இடத்தில், வலது கீழறை வீங்கியிருக்கிறதா, குறுகலை விரிக்க பலூனோ ஸ்டென்ட்டோ (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) தேவைப்படுமா? பழைய ஸ்கேன் சி.டி.யை மறக்காமல் எடுத்துப்போங்கள். போன தடவை 40 இருந்து இப்போது 28 என்றால் கதை வேறு.