வெயில் காயும் வாசலுக்குக் கொழுக்கட்டைப் புல்

நீங்கள் கேட்டிருப்பது இது: மேற்குப் பார்த்த வாசலில் பத்தடிக்கு நாலடி மண் சும்மா கிடக்கிறது, கோடையில் போர்த் தண்ணீர் நின்றுவிடுகிறது, இரண்டு முறை போட்ட புல்தரையும் காய்ந்துவிட்டது. தண்ணீர் கேட்காத நம் ஊர்ப் புல் எதையாவது அழகுக்காக வளர்க்க முடியுமா?

முடியும். கொழுக்கட்டைப் புல் வையுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். அங்கே மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே முழுக்க இந்தப் புல். காங்கேயம் காளைகள் வளர்ந்ததே இதைத் தின்றுதான். பாசனம் கிடையாது, மழை பெய்தால் உண்டு. பூக்கும் காலத்தில் விரல் நீளக் கதிர்கள் நரிவால் மாதிரி நிற்கும். முதலில் லேசான ஊதா நிறம், முற்றினால் வைக்கோல் நிறம். மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒவ்வொரு கதிரைச் சுற்றியும் உள்ள மயிர் தனித்தனியாக மின்னும். உங்கள் வாசல் மேற்குப் பார்த்தது என்பதால் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும்போது தினமும் இது கிடைக்கும். அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கோவையில் வீடு கட்டியபோது மாமா தோட்டத்திலிருந்து நாலு தூர் கொண்டுவந்து வைத்தேன். அந்த முதல் வருடம் அதைக் கெடுத்தது என் தண்ணீர்தான். மண்புழு உரம் நிறையப் போட்டு, தினமும் ஹோஸ் பிடித்தேன். இடுப்பளவு வளர்ந்தது, ஆனால் தாள் எல்லாம் சொதசொதவென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஐப்பசி அடைமழையில் இரண்டு தூர் நடுவில் அழுகிப்போயின. பார்க்க வந்த அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, குனிந்து ஒரு தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கெதுக்கு கண்ணு இத்தன தண்ணி? மாடு வாய வெச்சாத்தான் இது தூர் கட்டும்” என்றார். இந்தப் புல்லைப் பற்றி அதைவிட நல்ல யோசனை எனக்கு யாரும் சொன்னதில்லை. தண்ணீரைக் குறைக்க வேண்டும், அவ்வப்போது அறுக்க வேண்டும். மாடு செய்கிற வேலையை வீட்டில் நாம் அரிவாளால் செய்கிறோம், அவ்வளவுதான்.

சரி, எப்படி வைப்பது? விதையைவிட வேர்த்தூர் சுலபம். ஒரு பழைய தூரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, இரண்டு மூன்று தாள் சேர்ந்த துண்டுகளாகப் பிரியுங்கள். மேலே ஒரு சாண் விட்டு மீதியை வெட்டிவிட்டு, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். உங்கள் இடத்துக்குப் பதினைந்து இருபது துண்டுகள் போதும். முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை. வேர் பிடித்து ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு இருக்கும். வேர் ஆழமாக இறங்கும் வகை. கோடையில் மேலே முழுக்கக் காய்ந்து, செத்துவிட்டதோ என்று தோன்றும், பிடுங்கிவிடாதீர்கள். ஒரு நல்ல மழை விழுந்தால் அடியிலிருந்து பச்சை கிளம்பிவிடும்.

விதைதான் கிடைக்கிறது என்றால், அறுவடை செய்து ஆறு மாதமாவது ஆன விதையாகக் கேட்டு வாங்குங்கள். புது விதை சரியாக முளைக்காது, அதற்கு உறக்க காலம் உண்டு. பஞ்சு மாதிரி இருப்பதால் காற்றில் பறக்கும். மணலோடு பிசைந்து தூவி, மேலே மெல்ல மண்ணைத் தள்ளினால் போதும். ஆழமாகப் புதைத்தால் வராது. ஆடியிலோ, ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்போ தூவலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘கோ 1’ என்ற நீலக் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கிறது. அது இதற்கு நெருங்கிய உறவு. இலையில் லேசான நீலச் சாயல் இருக்கும், அழகுக்கு அதுவும் பொருந்தும்.

மண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். செம்மண், மணல் கலந்த மண், சுண்ணாம்புச் சத்துள்ள மண் எல்லாம் ஏற்கும். தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. உங்கள் இடம் பள்ளமாக இருந்தால் அரையடி மேடாக்கிவிட்டு நடுங்கள். நிழல் விழும் இடத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

வருடத்துக்கு இரண்டு முறை, தை முடிந்து ஒன்று, ஆடிக்கு முன் ஒன்று என்று, தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்துவிடுவேன். அறுத்ததைப் பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துப்போகிறார். காய்ந்த தாளை நிற்கவிட்டால் தீப்பிடிக்கும். உங்கள் தெருவில் குப்பை எரிக்கும் பழக்கம் இருந்தால் கோடையில் கட்டாயம் ஒட்ட அறுத்துவிடுங்கள். கதிர் நிற்கும் மாதங்களில் சில்லைக் குருவிகள் வந்து கூடு கட்டத் தாளைக் கிழித்துக்கொண்டு போகும். அவற்றுக்காகவே ஒரு மூலையை நான் அறுப்பதில்லை.

வெட்டிவேரும் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கரை, சரிவு இருந்தால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் வாசலில் அழகுக்கு எனக்கு இந்தக் கதிர்கள்தான் வேண்டும். தர்ப்பை மட்டும் வேண்டாம். அடியில் ஓடி ஓடிப் பரவும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. இது நம் மண்ணுக்கும் ஆப்பிரிக்க வறண்ட நிலங்களுக்கும் உரிய புல். மேய்ச்சலுக்காகக் கொண்டுபோன அரிசோனாவில் பாலைவனம் முழுக்கப் பரவி, அதுவரை தீயே அதிகம் காணாத இடத்துக்குத் தீயைக் கொண்டுவந்து, சகுவாரோ கள்ளிகளை எரித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் இதே தொல்லை. அங்கே இருப்பவர்கள் தயவுசெய்து விதையை எடுத்துப்போக வேண்டாம், அந்த ஊர்ப் புல்லையே தேடுங்கள்.

தூர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், நர்சரியில் தேடாதீர்கள். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போகும்போது கொறங்காடு வைத்திருக்கும் யாரிடமாவது கேளுங்கள். மழை பெய்து ஈரம் இருக்கும் நாளில் போனால் தூர் வேரோடு முழுசாக வரும். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து மறுநாளே நட்டுவிடுங்கள்.