பெயர்தான் இளவேனில்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று கணக்கு. வெயிலில் நின்று பார்த்தால் இளசாக ஒன்றும் தெரியவில்லை. பங்குனி பாதியிலிருந்தே கடிதங்கள் எல்லாம் இதைப் பற்றித்தான். சில கேள்விகள் மட்டும் இங்கே.

கேள்வி: சித்திரை பிறப்பதற்குள் வீட்டில் எல்லோரும் பேதிக்கு எடுத்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். மூன்றரை வயதுப் பையனுக்கும் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். என் தங்கையோ ஏழு நாள் பச்சை ஜூஸ் மட்டும் குடித்தால் உடம்பில் உள்ள நச்செல்லாம் போய்விடும் என்கிறாள். எதைச் செய்யலாம்? – வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் மாமியாரிடம் 'டாக்டர் திட்டினார்' என்று போய்ச் சொல்லிவிடாதீர்கள், அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. செருப்பில்லாமல் வயல் வரப்பில் நடந்து, காட்டுப்பக்கம் ஒதுங்கிய காலத்தில் கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகவே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பிள்ளைகள் வெளுத்து, வயிறு மட்டும் உப்பி நிற்பார்கள். அப்போது கையில் இருந்தது விளக்கெண்ணெய்தான். அது குடலைத் தூண்டிவிட்டு உள்ளே இருப்பதை வெளியே தள்ளுமே தவிர, புழுவைக் கொல்லாது. அந்த வேலைக்கு இன்று அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பையனுக்குக் கொடுத்தாயிற்றா என்று அங்கன்வாடியில் கேளுங்கள், விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக் கொடுக்கலாம். இந்த வெயிலில் சின்னக் குழந்தைக்குப் பேதி கொடுத்தால் நீரும் உப்பும் சேர்ந்து போய்த் துவண்டுவிடுவான். அப்புறம் டிரிப்ஸ் ஏற்ற என்னைப் போல ஒருவரிடம்தான் வர வேண்டும்.

தங்கையின் ஜூஸுக்கு வருகிறேன். உங்கள் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விட்டு, மீதியை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. லீவே கிடையாது. நச்சை வெளியேற்றுகிற வேலை தினமும் அங்கேயும் ஈரலிலும் நடந்துகொண்டேதான் இருக்கிறது, அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது போதுமான தண்ணீர் குடிப்பது. பசலைக்கீரையைப் பச்சையாக அரைத்து நாள் கணக்கில் டம்ளர் டம்ளராகக் குடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் சேர்ந்து சிறுநீரகத்துக்கே கேடாக முடிவதும் உண்டு. கீரையை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 47. வெயில் தொடங்கினால் உடம்பு சூடாகி நீர்க்கடுப்பு வந்துவிடுகிறது, கண்ணும் எரிகிறது. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினால் கொஞ்சம் தேவலாம் போல இருக்கிறது. சூடு தணிய வேறு என்ன செய்யலாம்? – வாசகர், மதுரை

பதில்: தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் உங்கள் உடம்பு வழக்கமான சூட்டில்தான் இருக்கும். ஆனால் நம் ஊரில் 'சூடு' என்று சொல்வது காய்ச்சலை இல்லை. எரிச்சல், கடுப்பு, வாய்ப்புண், மலச்சிக்கல் என்று ஒரு கூட்டத்துக்கே அது பெயர். அந்தத் தொல்லைகள் பொய்யில்லை. காரணத்தை நான் ஊகிக்கட்டுமா? நீங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும், சவாரி போய்விடும். என்னிடம் வரும் ஆட்டோக்காரர்களும், கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களும் இதையேதான் சொல்கிறார்கள். வேர்வையில் நீர் போகப் போகச் சிறுநீர் கெட்டியாகி, போகும் வழியெல்லாம் எரிகிறது. சுண்ணாம்பு தடவிய அன்று நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்து ஓய்வெடுத்து ஒரு சொம்பு தண்ணீரும் குடித்திருப்பீர்கள், பெயர் சுண்ணாம்புக்குப் போய்விட்டது. (நிறையப் பூசினால் தோல் வெந்துவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.)

எத்தனை லிட்டர் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள், டீ நிறத்தில் போனால் போதவில்லை என்று அர்த்தம். வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீர், மதியம் உப்புப் போட்ட நீர்மோர், கிடைத்தால் நுங்கு, வெள்ளரி, தர்பூசணி. பிரஷர் இருந்தால் மோரில் உப்பைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

இன்னொன்று. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். பழகிய பிறகு வேர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், நிறையவும் வரும், அதில் போகும் உப்பு மட்டும் குறைந்துவிடும். உடம்பு தானாகவே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அதனால்தான் மே மாத வெயிலைத் தாங்குகிறவர்கள்கூட முதல் வெயிலில் சுருண்டுவிடுகிறார்கள். முதல் பத்து நாளைக்கு உச்சி வெயில் சவாரியைக் குறைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள். முடியாது என்பீர்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கடுப்போடு காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அது சூடு இல்லை, தொற்றோ கல்லோ. உடனே காட்டுங்கள். உங்கள் வயதில் கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். ஸ்டாண்டில் யாராவது வெயிலில் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ கூடாது என்கிறேன், மகன் கேட்கவில்லை. வீட்டில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். – பாட்டி, விருதுநகர்

பதில்: அம்மா, முதலில் மருமகள். அவருக்கு ஏற்கெனவே அம்மை வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றாலோ, சரியாகத் தெரியவில்லை என்றாலோ இன்றைக்கே அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், கர்ப்ப காலத்தில் சின்னம்மை நுரையீரலைத் தாக்கினால் ஆபத்து.

வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாமல், பிள்ளையைத் தனியாகக் கிடத்தும் வழக்கம் நல்ல வழக்கம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை இது மற்றவர்க்குத் தொற்றும். உங்கள் பாட்டி காலத்துப் பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது என்று 1980-ல் அறிவித்தாயிற்று, இது அவ்வளவு கொடியது இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிப்பாட்டலாம், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், சொறிந்து சீழ் பிடிப்பதுதான் பெரிய தொல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது மூளையைப் பாதிக்கும். ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றுவதை யாரும் தடுக்கவில்லை.

கேள்வி: டொராண்டோவுக்கு வந்து நாலு வருடமாகிறது. ஏப்ரல் கடைசியில் பனி போனதும் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கிவிடும். இப்போது ஆப்பிள் கடித்தாலே வாய் நமநமக்கிறது. உள்ளூர்த் தேன் சாப்பிட்டால் சரியாகுமாமே? – வாசகர், கனடா

பதில்: பிர்ச் மரத்தின் மகரந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே வசந்தத்தில் அதுதான் காற்றில் பறக்கும். ஆப்பிளில் உள்ள ஒரு புரதம் அந்த மகரந்தப் புரதத்தைப் போலவே இருப்பதால் உடம்பு ஏமாந்துபோகிறது. வேகவைத்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடும், அதனால் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' (pie) சாப்பிடலாம். பழம் சாப்பிட்டுத் தொண்டை இறுகினாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

தேனீ போவது பூவுக்கு. பிர்ச் மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று. ஆகவே தேனில் அது இருந்தாலும் பேருக்குத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு சீசனுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு மூக்கு ஸ்பிரேயைத் தொடங்குங்கள். துணியை வெளியே காயப்போடாதீர்கள், இரவில் தலைக்குக் குளித்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: வேப்பம்பூ ரசம் வாரத்துக்கு எத்தனை நாள் வைக்கலாம்? – வாசகி, கோவை

பதில்: வீட்டில் சண்டை வராத அளவுக்கு. எங்கள் வீட்டில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் பூவைப் பிடித்து, காயவைத்து, நெய்யில் கறுப்பாகும்வரை வறுத்துத்தான் ரசத்தில் போடுவார் அம்மா, கசப்பு பாதியாகிவிடும். ரசமாகச் சாப்பிடுங்கள், சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.