ஸ்கீமாவிலிருந்து கோட்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் முறையை ஒரு ஸ்கீமா ஃபைலில் ஒருமுறை எழுதிவைத்து, சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று எல்லாப் பக்கத்துக்கும் வேண்டிய இடைமுகக் கோடை ஜெனரேட்டர் மூலம் எடுப்பது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: வாய்க்கால் நீர்மட்டத்தைச் சென்சாரில் படிக்கும் டீமனை (பின்னணியில் ஓடும் புரோகிராம்) சிறிய லினக்ஸ் போர்டில் சி மொழியில் எழுதியிருக்கிறோம். பைத்தான் புரோகிராம் அதை வாங்கிச் சேமிக்கிறது, வெப் பக்கம் காட்டுகிறது. ஒரு ஃபீல்டு சேர்த்தால் மூன்று இடத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது. இருப்பது இரண்டே பேர். எங்களுக்கும் ஸ்கீமா தேவையா? — வாசகர், திருவையாறு

எத்தனை பேர் என்று பார்க்காதீர்கள், எத்தனை மொழி என்று பாருங்கள். இரு பக்கமும் சி, இரண்டும் சேர்ந்தே கம்பைல் ஆகி ஒரே போர்டில் ஏறுகின்றன என்றால் பொதுவான ஒரு ஹெடர் ஃபைல் போதும். மொழி இரண்டானாலோ, ஒரு பக்கம் புதிய பதிப்பும் மறு பக்கம் பழைய பதிப்பும் ஓடும் காலம் வரும் என்றாலோ ஸ்கீமா வேண்டும். உங்களுக்கு இரண்டுமே பொருந்துகிறது.

இது நேற்று வந்த முறை இல்லை. சன் நிறுவனத்தின் ஆர்பிசிஜென் 1980களிலேயே ஒரே வரையறை ஃபைலிலிருந்து ஹெடர், கிளையன்ட் கோட், சர்வர் கோட், தரவை மாற்றும் கோட் ஆகிய நான்கையும் எழுதித் தந்தது. இன்று லினக்ஸ் திரையை நடத்தும் வேலேண்டின் நெறிமுறை எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூஎம்யூவின் கட்டளைகள் ஜேசானை ஒத்த ஸ்கீமாவிலும், லினக்ஸ் கர்னலோடு புரோகிராம்கள் பேசும் நெட்லிங்க் குடும்பங்கள் பல யாம்ல் ஃபைல்களிலும் இருக்கின்றன.

உங்கள் அளவுக்கு கூகுளின் ஸ்கீமா கருவியான புரோட்டோபஃப் சரி. போர்டு இன்னும் சிறிதாகி லினக்ஸே இல்லாத மைக்ரோகண்ட்ரோலர் ஆனால் புரோட்டோபஃப்பின் சிறிய சி வடிவமான நானோபிபி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்ட்ரிங்குக்கும் பட்டியலுக்கும் உச்ச அளவைக் குறித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ஃபீல்டுகளுக்கு கால்பேக் (நானோபிபி திரும்பக் கூப்பிடும் ஃபங்ஷன்) எழுதும் வேலை உங்கள் தலையில் விழும்.

முதல் நாளே ஒன்று செய்யுங்கள்: அலகை ஃபீல்டின் பெயரிலேயே சேருங்கள். மட்டம் என்று மட்டும் எழுதாமல் மட்டம்_மிமீ என்பதுபோல. நம் பக்கத்தில் பாசனக் கணக்கு கன அடியில் ஓடுகிறது, சென்சார் லிட்டரில் தருகிறது. வினாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28.3 லிட்டர். இரண்டும் வெறும் எண்கள், இரண்டும் 32 பிட். எதை எதில் போட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது.

கே: பழைய 32 பிட் இன்டெல் கணினியிலிருந்து 64 பிட் சர்வருக்கு ஸ்ட்ரக்டை (சி-யில் பல ஃபீல்டுகளைச் சேர்த்த தொகுப்பு) அப்படியே அனுப்புகிறோம். முதலில் 32 பிட் கருவி எண், அடுத்து 64 பிட் நேரம். கருவி எண் சரியாக வருகிறது, நேரம் குப்பையாக வருகிறது. ஆர்ம் போர்டிலிருந்து அனுப்பினால் சரியாகவே வருகிறது. ஏன்? — வாசகர், மன்னார்குடி

32 பிட் இன்டெல் லினக்ஸில் ஸ்ட்ரக்டுக்குள் வரும் 64 பிட் எண் 4 பைட் எல்லையில் உட்காரும். ஆகவே உங்கள் ஸ்ட்ரக்ட் 4 + 8 = 12 பைட். 64 பிட் இன்டெல்லில் அதே எண் 8 பைட் எல்லை கேட்கும். நடுவே 4 பைட் வெற்றிடம் விழுந்து 16 பைட் ஆகிவிடும். இப்போது வழக்கிலுள்ள 32 பிட் ஆர்ம் முறையும் 8 பைட் எல்லைதான், அதனால்தான் அங்கே பிழை தெரியவில்லை. ஆர்ம் போர்டில் மட்டும் சோதித்திருந்தால் இது உங்கள் கண்ணில் பட்டே இருக்காது.

பெரிய எண்ணை முதலில் வைத்தால் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 64 பிட் முதலில், 32 பிட் அடுத்து என்று வைத்தால் இரண்டு ஃபீல்டும் சரியான இடத்தில் இருக்கும். ஆனால் மொத்த அளவு அங்கே 12, இங்கே 16 என்றே நிற்கும். வால் பக்கம் வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது. வரிசையாகப் பத்து அளவீடு அனுப்பினால் இரண்டாவதிலிருந்து எல்லாம் நகர்ந்துபோகும்.

ஸ்ட்ரக்டை அப்படியே அனுப்புவதை விட முடியாது என்றால், வெற்றிடத்தைக் கம்பைலரிடம் விடாமல் ஜெனரேட்டரே எழுதட்டும். கடைசியில் 32 பிட் வெற்று ஃபீல்டு ஒன்று. அதை அனுப்புபவர் பூஜ்யமாக்க வேண்டும். பூஜ்யம் இல்லாமல் வந்தால் வாங்குபவர் மறுக்க வேண்டும். மறுக்காமல் இன்று விட்டால், நாளை அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுக்க முடியாது. பழைய புரோகிராம்கள் அதில் ஏற்கெனவே கண்டதை அனுப்பிக்கொண்டிருக்கும். இத்தோடு, ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் கீழே அதன் அளவையும் ஒவ்வொரு ஃபீல்டின் தொடக்க இடத்தையும் சரிபார்க்கும் ஸ்டேட்டிக் அசர்ட் வரிகளை ஜெனரேட்டர் எழுதித் தரட்டும். தப்பு சர்வரில் தெரியாமல் கம்பைலிலேயே தெரியும். லாங், பாயின்டர் இரண்டையும் ஸ்கீமாவில் அனுமதிக்கவே வேண்டாம். அளவு சொன்ன எண்கள் மட்டும்.

கே: கொள்முதல் நிலையத்துக்கான செயலி. புரோட்டோபஃப் ஸ்கீமாவில் 4-ஆம் எண்ணில் இருந்த ஈரப்பதத்தை நீக்கிவிட்டு, அதே எண்ணில் சிப்ப எண்ணிக்கையை வைத்தோம். பழைய கருவிகள் அனுப்பும் பதிவில் 17 சிப்பம் என்று வருகிறது. பிழைச் செய்தியே இல்லை. — வாசகர், கும்பகோணம்

பிழைச் செய்தி வராது. கம்பியில், அதாவது அனுப்பப்படும் பைட்டுகளில், ஃபீல்டின் பெயர் போவதில்லை, எண்ணும் வகையும் மட்டுமே போகின்றன. இரண்டுமே முழு எண். 17 சதவீத ஈரப்பதம் 17 சிப்பமாக நிற்கிறது. வகை வேறாக இருந்திருந்தால் அது தெரியாத ஃபீல்டாக ஒதுங்கி, எண்ணிக்கை பூஜ்யமாக வந்திருக்கும். அப்போதாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஒரு ஃபீல்டை நீக்கினால் அதன் எண்ணையும் பெயரையும் ரிசர்வ்டு என்று எழுதிவையுங்கள். பிறகு யாராவது அந்த எண்ணை எடுத்தால் ஜெனரேட்டரே நிறுத்திவிடும். இப்போது செய்ய வேண்டியது: 4-ஐ ரிசர்வ்டு ஆக்கி, சிப்ப எண்ணிக்கைக்கு இதுவரை யாரும் தொடாத புது எண் கொடுங்கள். இடையில் சேர்ந்த பதிவுகளைக் கருவியின் மென்பொருள் பதிப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பதிப்பு எண்ணை ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பாமல் இருந்தால், மன்னிக்கவும், அந்தப் பதிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண் கொடுப்பதிலும் கணக்கு உண்டு. 1 முதல் 15 வரை ஒரு பைட்டில் அடங்கும். 16 முதல் 2047 வரை இரண்டு பைட். எல்லாச் செய்தியிலும் வருபவற்றுக்கு முதல் பதினைந்தை வையுங்கள், இரண்டு மூன்றைக் காலியாகவும் விடுங்கள். 19000 முதல் 19999 வரை புரோட்டோபஃப் தனக்கென்று வைத்துக்கொண்டது. எடை வித்தியாசம் போல மைனஸில் வரக்கூடிய எண்ணைச் சாதாரண இன்ட்32 ஆக வைத்தால் மைனஸ் ஒன்று 10 பைட் பிடிக்கும்; எஸ்இன்ட்32 ஆக வைத்தால் ஒரே பைட். ஆனால் வெளியே போய்விட்ட ஸ்கீமாவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றாதீர்கள், இரண்டும் கம்பியில் வேறு வேறு.

வேலேண்டில் எண்ணை எழுதுவதே இல்லை. எக்ஸ்எம்எல்லில் எத்தனையாவதாக வருகிறதோ அதுதான் எண். அங்கே புதியதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அகர வரிசையில் அடுக்கி அழகுபடுத்தினால் கதை முடிந்தது.

கே: நீர்மட்டம் பூஜ்யமா, சென்சார் பேசவில்லையா என்று எப்படிப் பிரிப்பது? — வாசகர், திருவையாறு

மேட்டூர் திறக்கும் முன் வாய்க்காலில் பூஜ்யம் என்பது உண்மையான அளவீடு. புரோட்டோபஃப்பின் புரோட்டோ3 வடிவில் சாதாரண எண் ஃபீல்டு பூஜ்யமாக இருந்தால் கம்பியில் போகவே போகாது. வாங்கும் பக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபீல்டின் முன்னால் ஆப்ஷனல் என்று சேருங்கள், வந்ததா என்று கேட்கும் ஃபங்ஷன் கூடவே கிடைக்கும். புரோட்டோபஃப் 3.15 பதிப்பிலிருந்து இது நேரடியாக வேலை செய்கிறது.

கே: ஸ்கீமாவை யாம்லில் எழுதி, பைத்தானில் நாங்களே ஜெனரேட்டர் செய்தோம். ஷட்டர் மோட்டாரின் நிலைகள் ஆன், ஆஃப். உருவான சி கோடில் ட்ரூ, ஃபால்ஸ் என்று வருகிறது. — மாணவி, மயிலாடுதுறை

பைத்தானில் எல்லோரும் பயன்படுத்தும் பையாம்ல் பழைய யாம்ல் 1.1 விதிப்படி நடக்கிறது. ஆங்கிலத்தில் ஆன், ஆஃப், எஸ், நோ என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் அவை சரி/தவறு மதிப்புகள். மேற்கோள் போடுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்: 010 என்று எழுதினால் எட்டு. 07 ஏழாகவே வரும், 08 எண்ணாகவே வராமல் ஸ்ட்ரிங்காக வரும். மதகு எண்களை 01, 02 என்று அடுக்கியிருந்தால் எட்டாவது மதகில்தான் உங்களுக்குத் தெரியவரும்.

சி மொழியின் சொந்தச் சொற்களும் இடிக்கும். ரிஜிஸ்டர், டிஃபால்ட் என்று ஃபீல்டுக்குப் பெயர் வைத்தால் கம்பைல் ஆகாது. க்யூஎம்யூவின் ஜெனரேட்டர் அப்படிப்பட்ட பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தும் அடிக்கோடும் சேர்த்துக்கொள்கிறது. நீங்களும் அப்படிச் செய்யலாம்.

கே: பில்டு கருவியான மேக்கை ஒரே நேரத்தில் எட்டு வேலையாக ஓட்டினால் சில நேரம் ஹெடர் ஃபைல் இல்லை என்கிறது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. — வாசகர், தஞ்சாவூர்

மறுபடி ஓட்டினால் சரியாவது என்றால் சார்பு விடுபட்டிருக்கிறது என்று பொருள். முதல் பில்டில் எந்தச் சி ஃபைலுக்கு எந்த ஹெடர் வேண்டும் என்பது மேக்குக்குத் தெரியாது, அந்தப் பட்டியலே கம்பைல் ஆன பிறகுதான் உருவாகிறது. ஆகவே உருவாகும் எல்லா ஹெடர்களையும் எல்லா ஆப்ஜெக்ட்டுகளுக்கும் வரிசைச் சார்பாக, அதாவது செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால், எழுதுங்கள்.

ஜெனரேட்டர் ஒரே ஓட்டத்தில் ஹெடரும் சி ஃபைலும் தருகிறதா? சாதாரண விதியில் இரண்டு பெயரை இடப்பக்கம் எழுதினால் மேக் அதை இரண்டு தனி விதியாக எடுத்துக்கொண்டு ஜெனரேட்டரை ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓட்டும். ஒன்று எழுதும்போது மற்றொன்று அழிக்கும். குனு மேக் 4.3 முதல் &: என்று எழுதினால் ஒரே தொகுதியாகக் கொள்ளும். பழைய மேக்கில் இந்த வசதி கிடையாது, முத்திரை ஃபைல் (ஜெனரேட்டர் ஓடி முடிந்ததைக் குறிக்கும் வெற்று ஃபைல்) ஒன்று வைத்து அதன் வழியாகப் போங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். விதியின் வலப்பக்கம் ஸ்கீமா மட்டும் இருந்தால் போதாது. ஜெனரேட்டர் ஸ்கிரிப்டும் அதன் டெம்ப்ளேட்டும் இருக்க வேண்டும். ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டு, பழைய கோடையே வைத்துக்கொண்டு அரை நாள் தேடுவது இதனால்தான்.

கே: உருவான கோடைக் கிட்டில் (Git) சேர்க்கலாமா? சேர்த்தால், ஸ்கீமாவைத் தொடாமலே தினமும் வித்தியாசம் காட்டுகிறது. — வாசகர், திருவாரூர்

இரண்டு வழக்கமும் உண்டு. கர்னலில் நெட்லிங்க் கோட் உருவாக்கப்பட்ட நிலையிலேயே மூலத்தோடு இருக்கிறது. க்யூஎம்யூவில் பில்டு டைரக்டரியில் மட்டும் உருவாகும். உங்கள் கோடை எடுத்துக் கம்பைல் செய்பவரிடம் ஜெனரேட்டர் இருக்காது என்றால் சேருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். சேர்த்தால் ஜெனரேட்டரின் பதிப்பையும் பூட்டிவையுங்கள். சோதனைச் சர்வரில் மறுபடி உருவாக்கி, ஒரு வரி மாறினாலும் பில்டைத் தோற்கடியுங்கள். மெர்ஜில் மோதல் வந்தால் கையால் தீர்க்காதீர்கள். ஸ்கீமாவில் தீர்த்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.

தினமும் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பைத்தானின் செட். ஸ்ட்ரிங்குகளின் ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், 3.3 பதிப்பிலிருந்தே அப்படித்தான். செட்டைச் சுற்றிவரும் வரிசையும் அதோடு மாறும். டிக்ஷனரி 3.7 முதல் சேர்த்த வரிசையைக் காக்கும். செட்டை வரிசைப்படுத்திவிட்டுச் சுற்றுங்கள், டைரக்டரியிலிருந்து வாசிக்கும் ஃபைல் பட்டியலையும் அப்படியே. உருவான ஃபைலின் தலையில் தேதியும் உங்கள் கணினியின் முழுப் பாதையும் எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கே: லேப்டாப்பில் ஆர்ம் போர்டுக்காக கம்பைல் செய்யும்போது, சி-யில் எழுதிய ஜெனரேட்டர் ஓடவே மாட்டேன் என்கிறது. — வாசகர், நாகப்பட்டினம்

ஜெனரேட்டரையும் ஆர்முக்கே கம்பைல் செய்துவிட்டீர்கள். அது ஓட வேண்டியது லேப்டாப்பில். மேக்ஃபைலில் அதற்கென்று தனி கம்பைலர் மாறி வையுங்கள். மெசான் என்ற பில்டு கருவியில் அந்த எக்ஸிகியூட்டபிளுக்கு நேட்டிவ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். ஆனால் இந்த ஜெனரேட்டர் இன்ட், லாங் அளவைத் தன் சொந்த சைஸ்ஆஃப் மூலம் கண்டுபிடித்தால் லேப்டாப்பின் அளவைத்தான் எழுதும். மன்னார்குடி வாசகருக்குச் சொன்னதுபோல அளவு சொன்ன எண்களை மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கே: உருவான கோட் தானே சரிபார்த்துக்கொள்ளும் அல்லவா? கையால் எழுதும் சோதனைகளை எடுத்துவிடலாமா? — வாசகர், பட்டுக்கோட்டை

எடுக்காதீர்கள். அது வடிவத்தைத்தான் பார்க்கும். ஈரப்பதம் முழு எண்ணா என்று கேட்கும், 250 என்று வந்தால் ஏற்றுக்கொள்ளும். கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் ஸ்கீமாவில் எழுத இடம் வைத்து, அந்தச் சோதனையையும் ஜெனரேட்டரையே எழுதச் சொல்லலாம். கர்னலின் நெட்லிங்க் யாம்லில் இப்படி எல்லை எழுத இடம் இருக்கிறது. அப்படியும் ஒன்றுக்கொன்று தொடர்புடைய விதிகள் மிஞ்சும்: 40 கிலோ சிப்பம் 25 என்றால் எடை 1000 கிலோவை ஒட்டி வர வேண்டும் என்பது போல. அவற்றைக் கையால், தனி ஃபைலில் எழுதுங்கள். உருவான ஃபைலுக்குள் எழுதினால் அடுத்த பில்டில் காணாமல் போகும். ஜெனரேட்டர் அந்த ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். நீங்கள் எழுத மறந்தால் லிங்க் ஆகாது, அங்கேயே தெரிந்துவிடும்.